‘எக்ஸ்பெக்ட்’ வரும் வாக்கியத்தில் ‘ப்ராபப்ளி’ எங்கே நிற்க வேண்டும்?

கேட்கப்பட்டிருப்பது இதுதான். அலுவலகக் கடிதம் ஒன்றில் ஒருவர் ‘ப்ராபப்ளி ஐ எக்ஸ்பெக்ட் ஹிம் டு கம் ஆன் மண்டே’ என்று எழுதியிருக்கிறார். மேலதிகாரி அதை அடித்துவிட்டு ‘ஐ எக்ஸ்பெக்ட் ஹி வில் ப்ராபப்ளி கம் ஆன் மண்டே’ என்று மாற்றியிருக்கிறார். முதல் வாக்கியத்தில் என்ன பிழை, ‘எக்ஸ்பெக்ட்’ என்ற வினைக்குள்ளேயே ‘அநேகமாக நடக்கும்’ என்ற கருத்து இருக்கும்போது ‘ப்ராபப்ளி’ மறுபடியும் எதற்கு, ‘ஹோப்’, ‘ஆன்டிசிபேட்’ முதலிய வினைகளுக்கும் இதே விதிதானா என்பவை கேள்விகள்.

மேலதிகாரியின் திருத்தம் சரியானது. ஆனால் முதல் வாக்கியத்தில் இருப்பது இலக்கணப் பிழை என்பதைவிடப் பொருட்பிழை என்பதே பொருந்தும். அந்த வாக்கியத்தில் இரண்டு செய்திகள் உள்ளன: ஒன்று, நான் எதிர்பார்க்கிறேன் என்பது, மற்றொன்று, அவர் திங்கட்கிழமை வருவார் என்பது. முதலாவது என் மனத்துக்குள் நடப்பது, எனக்கு நேரடியாகத் தெரிந்தது. இரண்டாவது வெளியே நடக்க இருப்பது, எனக்கு உறுதியாகத் தெரியாதது. ‘ப்ராபப்ளி’, ‘பாஸிப்ளி’, ‘பெர்ஹாப்ஸ்’, ‘டெஃபினிட்லி’ போன்ற வாய்ப்புச் சொற்கள் ஒரு செய்தி உண்மையாக இருக்க எவ்வளவு இடம் உண்டு என்று சொல்பவர் மதிப்பிடுவதைக் காட்டுகின்றன. ஆகவே அவை எனக்கு ஐயம் இருக்கும் செய்தியோடுதான் சேர வேண்டும். ‘ப்ராபப்ளி ஐ எக்ஸ்பெக்ட்’ என்று எழுதும்போது ஐயம் ‘எக்ஸ்பெக்ட்’ என்பதன் மேல் விழுகிறது; ‘நான் அவரை எதிர்பார்க்கிறேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் எனக்கே நிச்சயமில்லை’ என்று தம் மனத்தைத் தாமே அறியாதவர் பேசுவது போல ஆங்கிலம் பேசுபவருக்குக் கேட்கிறது.

இந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால், எப்போது ‘ப்ராபப்ளி எக்ஸ்பெக்ட்’ என்ற சேர்க்கை முற்றிலும் சரியாகிறது என்பதும் தானே விளங்கும். பிறர் மனம் நமக்கு நேரடியாகத் தெரியாது. எனவே ‘யூ ப்ராபப்ளி எக்ஸ்பெக்ட் மீ டு அப்பாலஜைஸ்’ என்றால், நான் மன்னிப்புக் கேட்பேன் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள் போலிருக்கிறது என்று பொருள். அது நல்ல ஆங்கிலம். ‘தே ப்ராபப்ளி எக்ஸ்பெக்ட் எ பிக்கர் டிஸ்கவுன்ட்’ என்பதும் அப்படியே, வாடிக்கையாளரின் மனத்தை நாம் ஊகிக்கிறோம். தன்மை இடத்திலும் காலம் மாறினால் தடை நீங்கிவிடுகிறது: ‘ஐ ப்ராபப்ளி எக்ஸ்பெக்டட் டூ மச்’ என்பது, அன்றைய என் மனநிலையை இன்று திரும்பிப் பார்த்து மதிப்பிடுவது, கடந்த காலத்தில் இருந்த நம்மைப் பற்றி நாமே ஊகிக்க முடியும். நிகழ்காலத் தன்மை ஒருமையில் மட்டும்தான் இந்தச் சேர்க்கை விசித்திரமாகிறது. பாடநூல்கள் பலவற்றில் வினையடையின் இடத்தைப் பற்றிய அட்டவணை இருக்கும். ஆனால் எந்த இடம், எந்த நபர், எந்தக் காலம் என்பதைப் பொறுத்து அதே சேர்க்கை சரியாகவும் தவறாகவும் மாறுவதை அட்டவணை காட்டாது.

தமிழ் பேசுபவர்களிடம் இந்தத் தவறு அடிக்கடி வருவதற்கு அலட்சியம் காரணமன்று. ‘அநேகமாக அவர் திங்கட்கிழமை வருவார் என்று எதிர்பார்க்கிறேன்’ என்று நாம் சொல்லும்போது, ‘என்று’ என்பதற்கு முன்னால் உள்ள பகுதி முழுவதும் சார்பு வாக்கியம். ‘எதிர்பார்க்கிறேன்’ என்ற முதன்மை வினை கடைசியில்தான் வருகிறது. ஆகவே வாக்கியத்தின் தலைப்பில் நிற்கும் ‘அநேகமாக’ என்ற சொல் இயல்பாகவே ‘வருவார்’ என்பதோடு சேர்ந்துகொள்கிறது, ‘எதிர்பார்க்கிறேன்’ என்பதைத் தொடுவதில்லை. ஆங்கிலத்தில் வரிசை தலைகீழ்: முதலில் ‘ஐ எக்ஸ்பெக்ட்’, பிறகே வருகை. தமிழில் தலைப்பில் நின்ற சொல்லை ஆங்கிலத்திலும் தலைப்பில் வைத்தால், அது வேறு வினையின் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறது. எழுதி முடித்ததும் ‘ப்ராபப்ளி’க்கு மிக அருகில் உள்ள வினை எது, ஐயம் அந்த வினையைப் பற்றியதுதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வதே போதும்.

இனி இரண்டாவது கேள்வி. ‘எக்ஸ்பெக்ட்’ என்றாலே ‘அநேகமாக நடக்கும் என்று கருதுகிறேன்’ என்பதுதானே, அப்படியானால் ‘ஐ எக்ஸ்பெக்ட் ஹி வில் ப்ராபப்ளி கம்’ என்பது கூறியது கூறல் ஆகாதா? கண்டிப்பாகப் பார்த்தால் ஆகும். ஆயினும் ஆங்கிலம் இதைக் குறையாக நினைப்பதில்லை. மொழியியலாளர் மைக்கேல் ஹாலிடே 1970-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஆங்கிலத் துணைவினையும் வாய்ப்பு வினையடையும் ஒரே அளவு ஐயத்தைக் காட்டும்போது அவை இரண்டு தனித்தனி மதிப்பீடுகளாகக் கூடாமல், ஒரே மதிப்பீட்டை இரண்டு இடத்தில் சொல்வதாக ஒன்றுபட்டுவிடுகின்றன என்று விளக்கினார். ‘பெர்ஹாப்ஸ் ஹி மைட் கம்’ என்பதில் ஐயம் இரட்டிப்பதில்லை. ஒரே ஐயம்தான் இரு சொற்களில் ஒலிக்கிறது. ‘எக்ஸ்பெக்ட்’டும் ‘ப்ராபப்ளி’யும் அவ்வாறே ஒரே அளவுள்ள இணை. பேச்சிலும் நட்புக் கடிதங்களிலும் இந்த இணை சர்வசாதாரணம். சுருக்கம் வேண்டிய அறிக்கையில் இரண்டில் ஒன்றை நீக்கிவிடலாம் என்பது என் கருத்து: ‘ஐ எக்ஸ்பெக்ட் ஹிம் ஆன் மண்டே’ என்றோ, ‘ஹி வில் ப்ராபப்ளி கம் ஆன் மண்டே’ என்றோ எழுதினால் பொருள் குறைவதில்லை. ஒரு நுண்ணிய வேறுபாடு மட்டும் உண்டு. முதலாவது என்னைப் பொறுப்பாளி ஆக்குகிறது, அதாவது கணித்தவன் நான். இரண்டாவதில் கணித்தவர் யார் என்பது வெளியே தெரிவதில்லை.

அளவு ஒவ்வாத சொற்களைச் சேர்க்கும்போதுதான் உண்மையான சிக்கல். ‘ஐ எக்ஸ்பெக்ட் ஹி வில் டெஃபினிட்லி கம்’ என்பதில் ‘எக்ஸ்பெக்ட்’ சிறிது ஐயத்துக்கு இடம் வைக்க, ‘டெஃபினிட்லி’ அதை மூடிவிடுகிறது. கேட்பவருக்கு இந்த மனிதர் நிச்சயமாகச் சொல்கிறாரா இல்லையா என்ற குழப்பம் எஞ்சும். மறுபுறம் ‘ஐ எக்ஸ்பெக்ட் பெர்ஹாப்ஸ் ஹி வில் கம்’ என்றால் எதிர்பார்ப்பின் வலுவை ‘பெர்ஹாப்ஸ்’ பாதியாகக் குறைக்கிறது. அவ்வளவு ஐயம் இருப்பவர் ‘ஐ திங்க் ஹி மே கம்’ என்று சொல்லியிருக்கலாம். எதிர்பார்ப்பின் வலுவைக் கூட்டவோ குறைக்கவோ விரும்பினால் அதற்கு ஆங்கிலத்தில் வேறு வகை வினையடைகள் உள்ளன, அவைதாம் ‘எக்ஸ்பெக்ட்’டின் முன்னால் உரிமையோடு நிற்பவை: ‘ஐ ஃபுல்லி எக்ஸ்பெக்ட்’ என்றால் முழு நம்பிக்கையோடு எதிர்பார்க்கிறேன் என்று பொருள், ‘ஐ ஹாஃப் எக்ஸ்பெக்டட்’ என்றால் உள்ளூர ஓரளவு எதிர்பார்த்தேன் என்று பொருள். இவை எதிர்பார்ப்பின் அளவைச் சொல்கின்றன, அது உண்மையா என்ற ஐயத்தை எழுப்புவதில்லை. ‘ப்ராபப்ளி எக்ஸ்பெக்ட்’ என்று எழுதுபவர்களில் பலர் உண்மையில் தேடுவது இந்த அளவுச் சொற்களைத்தான்.

ஒவ்வொரு வாய்ப்புச் சொல்லும் எவ்வளவு வலுவானது என்பதில் ஆங்கிலம் பேசுபவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 1951-இல் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ தயாரித்த மதிப்பீட்டு அறிக்கை ஒன்று, அந்த ஆண்டில் யூகோஸ்லாவியா தாக்கப்படுவதற்கு ‘சீரியஸ் பாஸிபிலிட்டி’ உண்டு என்று கூறியது. அதைத் தயாரித்தவர்களுள் ஒருவரான ஷெர்மன் கென்ட் தம் மனத்தில் நூற்றுக்கு 65 என்ற அளவை வைத்திருந்தார். அந்த அறிக்கையைப் படித்த அதிகாரி ஒருவர் அதைவிட வெகு குறைவாகப் புரிந்துகொண்டிருந்தார். உடன் பணியாற்றியவர்களைக் கேட்டபோது அவர்கள் சொன்ன அளவுகள் 20 முதல் 80 வரை பரவிக் கிடந்தன. கென்ட் 1964-இல் எழுதிய கட்டுரையில் ‘ப்ராபப்ள்’ என்ற சொல்லுக்கு ஏறத்தாழ 75 விழுக்காடு, அதற்கு மேலும் கீழும் 12 என்று ஓர் அளவை முன்வைத்தார். பின்னாளில் பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு தன் அறிக்கைகளில் ‘லைக்லி’ என்றால் 66 விழுக்காட்டுக்கு மேல், ‘வெரி லைக்லி’ என்றால் 90-க்கு மேல் என்று வரையறுத்துக்கொண்டது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்புகளிலோ ‘லைக்லி’ என்பது 25 முதல் 50 விழுக்காடு வரையிலான வாய்ப்பையே குறிக்கிறது. 75-ஐத் தாண்டினால் ‘மோஸ்ட் லைக்லி’. ஒரே சொல், இரண்டு நிறுவனங்கள், ஒன்றையொன்று தொடாத இரண்டு வரம்புகள். ஆகவே பணமோ பொறுப்போ சம்பந்தப்பட்ட கடிதத்தில் வாய்ப்புச் சொல்லை நம்பி நிற்காமல், எதை வைத்து எதிர்பார்க்கிறோம் என்பதை ஒரு வரியில் எழுதிவிடுவது நல்லது: சரக்கு புதன்கிழமையே புறப்பட்டுவிட்டது, ஆதலால் வெள்ளிக்கிழமை எதிர்பார்க்கிறோம் என்பது எந்த வினையடையையும்விடத் தெளிவானது. (கணிதத்தின் ‘எக்ஸ்பெக்டட் வேல்யூ’ இவற்றோடு சேராத தனிக் கலைச்சொல். ஒரு பகடையை உருட்டினால் அந்த மதிப்பு 3.5, ஆனால் 3.5 எந்த முகத்திலும் விழப்போவதில்லை.)

‘எக்ஸ்பெக்ட்’டின் இரண்டு கட்டமைப்புகளைப் பிரித்தறியாமல் வினையடையின் இடத்தைப் பேசுவதில் பயனில்லை. ‘ஐ எக்ஸ்பெக்ட் யூ வில் ஃபினிஷ் பை ஃப்ரைடே’ என்றால் அது கணிப்பு: நீங்கள் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘ஐ எக்ஸ்பெக்ட் யூ டு ஃபினிஷ் பை ஃப்ரைடே’ என்றால் அது பெரும்பாலும் கட்டளை: முடித்தாக வேண்டும். எதிரில் இருப்பவரை நோக்கி, ‘டு’ சேர்ந்த வினையோடு வரும்போது இந்த வினை கடமையைச் சுமத்துகிறது. இந்த இரண்டாம் கட்டமைப்புக்குள் வாய்ப்புச் சொல்லை நுழைத்து ‘ஐ எக்ஸ்பெக்ட் யூ டு ப்ராபப்ளி ஃபினிஷ் பை ஃப்ரைடே’ என்று எழுதினால், ஒரே மூச்சில் கட்டளையும் இட்டு, அது நிறைவேறுமா என்பது ஐயம்தான் என்றும் சொன்னதாகிறது. ‘டு’வுக்கும் வினைக்கும் நடுவில் வினையடை வரக்கூடாது என்ற பழைய விதியை இதற்குக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு; அந்த விதியை இன்று பெரும்பாலோர் கண்டிப்பாகப் பின்பற்றுவதில்லை, இங்கே தடையாக இருப்பதும் அது அன்று. கணிப்பு என்றால் ‘வில்’ உள்ள சார்பு வாக்கியத்துக்குப் போய்விட வேண்டும். கட்டளை என்றால் ‘ப்ராபப்ளி’யை எடுத்துவிட வேண்டும். மேலதிகாரியின் திருத்தம் வினையடையை நகர்த்தியதோடு நிற்காமல் ‘ஹிம் டு கம்’ என்பதை ‘ஹி வில் கம்’ என்று மாற்றியதும் இதனால்தான் பொருத்தமாகிறது. கருத்தாவே இல்லாத ‘இஸ் எக்ஸ்பெக்டட் டு’ என்ற செயப்பாட்டு வடிவத்திலும் இதே இரட்டைத் தன்மை இருக்கிறது: மழை ‘இஸ் எக்ஸ்பெக்டட் டு’ என்றால் கணிப்பு, மாணவர்கள் ‘ஆர் எக்ஸ்பெக்டட் டு’ என்று பள்ளிச் சுற்றறிக்கை சொன்னால் கடமை.

சார்பு வாக்கியத்துக்குள் வினையடை நிற்கும் இடம் எளிது. முதல் துணைவினைக்குப் பின்னால் நிற்கும்: ‘ஹி வில் ப்ராபப்ளி கம்’. துணைவினை இல்லையென்றால் முதன்மை வினைக்கு முன்னால்: ‘ஹி ப்ராபப்ளி மிஸ்ட் த பஸ்’. ‘இஸ்’, ‘வாஸ்’ போன்றவற்றுக்குப் பின்னால்: ‘ஹி இஸ் ப்ராபப்ளி அட் ஹோம்’. எதிர்மறைச் சுருக்கம் வந்தால் மட்டும் அதற்கு முன்னால் ஏறிவிடும்: ‘ஹி ப்ராபப்ளி வோன்ட் கம்’. ‘பெர்ஹாப்ஸ்’, ‘மேபீ’ இரண்டும் வாக்கியத்தின் தலைப்பையே விரும்பும்.

‘லைக்லி’ சற்றுத் தொல்லை தருவது, ஏனெனில் அது முதன்மையாகப் பெயரடை. ‘ஹி இஸ் லைக்லி டு கம்’, ‘இட் இஸ் லைக்லி தட் ஹி வில் கம்’ என்பவை எங்கும் செல்லும். வினையடையாக ‘ஹி வில் லைக்லி கம்’ என்று தனித்து எழுதுவது அமெரிக்க வழக்கு. பிரித்தானிய மரபில் அதற்கு முன்னால் ‘வெரி’, ‘மோஸ்ட்’, ‘குவைட்’ என்று ஏதாவது ஒன்று வேண்டும். பொருள் ஒன்றென்று நினைத்து ‘ஹி இஸ் ப்ராபப்ள் டு கம்’ என்று எழுதக்கூடாது. ‘ப்ராபப்ள்’ அந்தக் கட்டமைப்பை ஏற்பதில்லை. ‘இஸ் எக்ஸ்பெக்டட் டு லைக்லி’ என்று இரண்டையும் அடுக்குவதும் வேண்டாம், ஒன்று போதும்.

மற்ற வினைகளுள் ‘ஹோப்’ வேறு இனத்தைச் சேர்ந்தது. அது விருப்பத்தைச் சொல்கிறதே தவிர, நடப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று சொல்வதில்லை; நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலும் ‘ஹோப்’ செய்யலாம், ‘எக்ஸ்பெக்ட்’ செய்ய முடியாது. அதனால் ‘ஐ ஹோப் ஹி வில் ப்ராபப்ளி கம்’ என்பது கோணலாக ஒலிக்கிறது: அவர் அநேகமாக வருவார் என்பது மதிப்பீடு, மதிப்பீட்டை யாரும் விரும்பி வேண்டிக்கொள்வதில்லை. ‘ஐ ஹோப் ஹி கம்ஸ்’ என்பதே போதும். ‘எக்ஸ்பெக்ட்’டுக்குப் பின் ‘வில்’ தேவைப்பட, ‘ஹோப்’புக்குப் பின் நிகழ்கால வடிவமே எதிர்காலத்தைச் சுட்டிவிடுகிறது. ஒரு விதிவிலக்கைக் குறிப்பிட வேண்டும். ‘ஐ வாஸ் ஹோப்பிங் வி குட் பெர்ஹாப்ஸ் மீட்’ என்பதில் ‘பெர்ஹாப்ஸ்’ வாய்ப்பை அளக்கவில்லை, பணிவைக் காட்டுகிறது; கேட்பவருக்கு மறுக்க இடம் விடுகிறது. பெரியவர்களிடம் நேரம் கேட்கும் கடிதத்தில் இது அழகான வடிவம். ‘ஹோப்ஃபுல்லி ஹி வில் கம்’ என்பதைச் சில பழைய ஆசிரியர்கள் இன்னும் சிவப்பு மையால் சுழிக்கக்கூடும். ஆனால் நெடுங்காலம் அதை ஏற்காதிருந்த அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடே 2012-இல் அந்தப் பயன்பாட்டை ஏற்றுக்கொண்டது.

‘ஆன்டிசிபேட்’ பொருளில் ‘எக்ஸ்பெக்ட்’டுக்கு நெருக்கமானது என்றாலும் ‘ஐ ஆன்டிசிபேட் ஹிம் டு கம்’ என்ற அமைப்பை எழுத்தாங்கிலம் ஏற்பதில்லை. பெயர்ச்சொல்லோ ‘தட்’ வாக்கியமோ அதற்குப் பின் வர வேண்டும், வாய்ப்புச் சொல் அந்த ‘தட்’ வாக்கியத்துக்குள் தங்கும். ‘லுக் ஃபார்வர்ட் டு’ நடக்கப்போவதை ஏறத்தாழ நிச்சயம் என்று வைத்துக்கொண்டு அதற்காக மகிழ்ச்சியோடு காத்திருப்பது. அதன் முன்னால் ‘ப்ராபப்ளி’ வந்தால் மகிழ்ச்சியே ஐயத்துக்குரியதாகிவிடும். இன்னொன்று: ‘ஐ ஆம் எக்ஸ்பெக்டிங் யுவர் ரிப்ளை’ என்று நம்மில் பலர் கடிதத்தை முடிக்கிறோம். அதில் ‘பதில் வந்தாக வேண்டும்’ என்ற அழுத்தம் இருக்கிறது. பணிவு வேண்டுமானால் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ என்பதே இடத்துக்கு ஏற்றது.

எதிர்மறையில் ஒரு விந்தை. ‘ஐ டோன்ட் எக்ஸ்பெக்ட் ஹி வில் கம்’ என்றால், எதிர்பார்ப்பே எனக்கு இல்லை என்று சொல்வதைவிட, அவர் வரமாட்டார் என்று கருதுகிறேன் என்று சொல்வதாகவே எவரும் புரிந்துகொள்வர். எதிர்மறை முதன்மை வினையில் நின்றாலும் பொருள் சார்பு வினையில் இறங்குகிறது. ‘ஹோப்’ இப்படி இடம் கொடுப்பதில்லை: ‘ஐ ஹோப் ஹி டஸ்ன்ட் கம்’ என்றுதான் சொல்ல வேண்டும். இந்த எதிர்மறைக்குள் ‘ப்ராபப்ளி’யைப் புகுத்தி ‘ஐ டோன்ட் எக்ஸ்பெக்ட் ஹி வில் ப்ராபப்ளி கம்’ என்று எழுதினால் வாக்கியம் உடைந்துவிடும், ஏனெனில் அந்தச் சொல் எதிர்மறையின் ஆட்சிக்குக் கீழே அடங்கி நிற்காது. ‘ஹி ப்ராபப்ளி வோன்ட் கம்’ என்று அதற்கு மேலே நிற்கத்தான் விரும்பும். வினாவிலும் அது அப்படியே முரண்டு பிடிக்கும். ‘வில் ஹி ப்ராபப்ளி கம்?’ என்று கேட்க முடியாது, ஏனெனில் ‘ப்ராபப்ளி’ என்பது சொல்பவரின் சொந்த மதிப்பீடு, தம் மதிப்பீட்டை மற்றவரிடம் எப்படிக் கேட்பது? ‘இஸ் ஹி லைக்லி டு கம்?’ என்றோ ‘டு யூ எக்ஸ்பெக்ட் ஹிம் டு கம்?’ என்றோ கேட்கலாம். இந்த இரண்டாவது கேள்வியில் வரும் ‘டு கம்’ கட்டளை அன்று. மூன்றாம் நபரைப் பற்றிய வினாவில் கடமைப் பொருள் தளர்ந்துவிடுகிறது.

கடைசியாக ‘ஷ்யூர்லி’. இந்திய ஆங்கிலத்தில் ‘ஐ வில் ஷ்யூர்லி கம்’ என்றால் கண்டிப்பாக வருகிறேன் என்று பொருள், நமக்குள் அது நன்றாகவே விளங்குகிறது. ஆனால் பிரித்தானியருக்கு ‘ஷ்யூர்லி’ பெரும்பாலும் உறுதியைத் தருவதில்லை, எதிரில் இருப்பவரின் ஒப்புதலைக் கோருகிறது: ‘ஷ்யூர்லி யூ எக்ஸ்பெக்டட் திஸ்?’ என்றால், இதை நீங்கள் எதிர்பார்த்திருக்க வேண்டுமே, இல்லையா என்று வியப்போடு கேட்பதாகும். ஆகவே வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வாக்குறுதி அளிக்கும் இடத்தில் ‘டெஃபினிட்லி’ என்று எழுதலாம், அல்லது வினையடையே இல்லாமல் ‘ஐ வில் பி தேர் அட் டென்’ என்று எழுதிவிடலாம். நேரம் குறித்த அந்த வாக்கியத்துக்கு வேறு உறுதி தேவைப்படாது.